காற்று படாத இடத்தில் காற்றுக் கருவி

பேத்தி கண்ட மகராசிக்கு,

போனில் சொன்னால் மாப்பிள்ளை எழிலன் காதில் விழும் என்பதால் எழுதி, முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மகள் அனுப்பிரியாவும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து புவனகிரிக்கு, உன் தம்பி வீட்டுக்கு வந்த சேதி கேட்டதும் எழிலனுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா பிடித்துக்கொண்டுதான் போவேன் என்று படகைத் தள்ளினான். கடலின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கரையில் காற்றின் வேகம் காட்டும் போர்டைக் காட்டினான்.

"காத்து எட்டு கிலோமீட்டர்னுதான் மாமா போட்டிருக்கு."

அது என்றைக்கும் எட்டுதான். போன வருஷக் காற்றில் கம்பம் சாய்ந்ததென்று, காற்று அளக்கும் கருவியைக் காற்றே படாமல் ஐஸ் பேக்டரிச் சுவருக்குப் பின்னால் நட்டுவைத்த ஊரல்லவா நம் கிள்ளை!

மாப்பிள்ளையை அதட்ட முடியுமா? படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்குங்க மாமா."

"காலு மரத்துப் போச்சு மாப்ளே."

"தூக்கி எறக்கட்டா?"

"என்னியவா? இன்னும் நாலு பேரக் கூப்புடு."

கரையே சிரித்தது. "ஊட்டுல பொண்டாட்டி இல்லன்னா புத்தி இப்புடித்தான் போவும்" என்றாள் தைலம்மாள்.

சிரிப்பு அடங்குமுன் காற்று வந்தது. ஐஸ் பேக்டரிக் கூரைத் தகரம் பறந்தது. போர்டில் அப்போதும் எட்டு. எழிலன் அதைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அவன் கொண்டுவரும் பால்சுறா மார்க்கெட்டில் வாங்கியது. அவனே பிடித்ததாக அனுப்பிரியாவிடம் சொல். பேத்தியை முதலில் அவன் கையில் கொடு. நான் பிறகு வந்து தூக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புதுத் தாத்தா