சராசரி மாலுமி

கோவளம்,
வெள்ளி இரவு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள், மன்னியுங்கள். நம் மகள் அர்வா இப்போதுதான் கண் அசந்தாள். தவழ்ந்து தவழ்ந்து வாசல்வரை போய்விடுகிறாள். கடலுக்குக் கிளம்பிட்டா, அத்தா புத்தி என்று அம்மா சிரிக்கிறார்.

நாவலூர் ஆபீஸ் சமாச்சாரம் கேளுங்கள். புதிதாகக் கட்டப்போகும் போர்க்கப்பலில் தீப்பிடித்தால் எத்தனை பேர் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறோமே, அதில் எல்லா மாலுமிக்கும் ஒரே வேகம் வைத்திருந்தார்கள், சராசரி. அந்தக் கணக்குப்படி இரவுத் தீயணைப்புக் குழுவுக்கு ஆறு பேர் வேண்டாம், நாலு பேர் போதும். மேனேஜர் ஜெபக்குமாருக்கு ஏக சந்தோஷம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பலில், பகலில், நாஸ்தா முடித்த ஆட்களை வைத்து அளந்த வேகம் அது. ஸ்டாப்வாட்சைக் கண்டா நாங்க எல்லாருமே ஹீரோதான் என்று லீவில் சொன்னீர்களே! போன வாரம் தூக்கக் கலக்கத்தில் அர்வாவின் பால்பவுடரை நானே என் டீயில் கொட்டினேன். பகலில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அதனால் ஒவ்வொருவருக்கும் தனி வேகம் கொடுத்தேன். அதே ஆளுக்கும் அலை, சூடு, தூக்கத்தைப் பொறுத்து நல்ல நாள், கெட்ட நாள். திரும்பத் திரும்ப ஓட்டினேன். பெரும்பாலும் நாலு பேரே அணைத்துவிட்டார்கள். சில இரவுகளில் மட்டும், குழாய் போய்ச் சேர்வதற்குள் தீ அடுத்த அறைக்குப் போய்விட்டது.

சில ராத்திரிதானே லத்தீஃபா, என்றார் ஜெபக்குமார். அந்தச் சில ராத்திரிக்குத்தானே சார் ஆளே வைக்கிறோம், என்றேன். திங்கட்கிழமை கடற்படை அதிகாரிகள் வருகிறார்கள். நான்தான் பேசுகிறேன். கணக்கு சரி, அதனால் பயமில்லை. ஆறு பேர் என்றுதான் சொல்வேன்.

பயம் வேறு இடத்தில். உங்கள் கப்பலில் நீங்களும் அப்படியொரு இரவுக் குழுவில்தான் இருக்கிறீர்கள். போன தடவை போனில், அர்வா தவழ்கிறாளா என்று கேட்டீர்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, முதல்முறை கேட்பதுபோல அதையே மறுபடி கேட்டீர்கள். சரியாகத் தூங்குகிறீர்களா என்றதற்கு, சராசரியா போகுது என்று சிரித்தீர்கள்.

அல்லாஹ் உங்களையும் உங்கள் கூட்டாளிகளையும் காப்பாற்றட்டும். எனக்குச் சராசரி வேண்டாம் மச்சான். மோசமான ராத்திரி எப்படிப் போனது, அதை எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
லத்தீஃபா