சென்சார் மேல் ஒட்டிய டேப்

மார்ச் 4, செவ்வாய்
ரத்தப் புற்று. எலும்பு மஜ்ஜையில் நூற்றுக்கு அறுபத்திரண்டு செல் கெட்டதாம். என் இதயம் வீக்கு, வீரியமான கீமோ தாங்காதாம். ஊசியும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பார்களாம். பார்ப்பார்களாம்! நாப்பத்தேழு வயசுதான் ஆவுது. அதுக்குள்ள அனுப்பிடுவாங்களா இன்னா?

மார்ச் 12, புதன்
மாத்திரை தொடங்கியது. இது என்னதான் செய்யும் என்று டாக்டர் அமலாவைக் குடைந்தேன்.

“ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியா இருக்கும்மா. செல்லுக்கு கரண்ட் குடுக்கறதும் அதான், கெட்டுப்போன செல்ல நிறுத்தறதும் அதான். உங்க புற்றுசெல் ஒரு புரதத்த வச்சு அந்த சுவிட்ச அடைச்சு வச்சிருக்கு. மாத்திரை அந்தப் புரதத்தப் புடிச்சுக்கும். அப்புறம் செல் தானா செத்துடும்.”

“டேப் ஒட்டி வச்சிக்கீதுன்னு சொல்லுங்க” என்றேன். அவர் முழித்தார்.

எங்கள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் கதவைத் திறந்தால், கை நசுங்காமலிருக்க சென்சார் மெஷினை நிறுத்திவிடும். நின்றால் டார்கெட் வராது. சென்சார் மேல் காந்தம் வைத்து டேப் ஒட்டிவிட்டால் நிற்கவே நிற்காது. மொத்த லைனுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்த மகராசி நான்தான்.

மார்ச் 20
வாந்தி. வாயெல்லாம் புண். அந்த டேப்பப் பிச்சி எறி, மாத்திரையே.

மார்ச் 29
காய்ச்சல். ரத்தம் ஏற்றினார்கள். என் மெஷினை இப்போது ஓட்டுகிற ஜாஸ்மின் போன் செய்தாள். “லேகாக்கா, எப்டிக்கீற? சீக்கிரம் வா, சூப்பர்வைசர் உயிர வாங்குறாரு.”
வைத்தபிறகு அழுதேன். பயம்தான், வேறென்ன. எனக்கு சாவ இஷ்டமில்ல.

ஏப்ரல் 16, புதன்
இரண்டு! அறுபத்திரண்டு இருந்த இடத்தில் வெறும் இரண்டு! “நோய் அடங்கிடுச்சும்மா. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க” என்றார் டாக்டர். விடுவேனா?
குன்றத்தூர் முருகா, மொட்டை உறுதி.

செப்டம்பர் 1, திங்கள்
மொட்டையில் முளைத்த அரை விரற்கடை முடியோடு வல்லம் வடகால் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். செக்கிங் மேஜையில் உட்காரச் சொன்னார்கள். எதிரே ஜாஸ்மின் பிரஸ் கதவை மூடாமலே கையை உள்ளே விட்டு விட்டு எடுக்கிறாள். அதே டேப். நான் ஒட்டினது, ஓரம் கறுத்துக் கிடந்தது.

நேராகப் போய்ப் பிய்த்தேன். மெஷின் நின்றது.

சூப்பர்வைசர் சக்திகுமார் ஓடிவந்தார். “இன்னாக்கா பண்றீங்க! டார்கெட் இன்னா ஆவறது?”

“நிக்கட்டும் சார். நிக்காம ஓடுனதுதான் என்னக் கொல்லப் பாத்துது.”

ஜாஸ்மின் விசிலடித்தாள். லைனில் எட்டு மெஷின். எட்டிலும் நானே பிய்த்தேன்.

இன்றைக்கு டார்கெட் வரவில்லை. ஜாஸ்மினுக்குப் பத்து விரலும் இருக்கிறது.