நடுங்கிய கையால் கீறிய கடற்கரை

அன்பு மகள் கரோலினுக்கு,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் மிசிசாகாவில் சுகம், தூர வடக்கே யெலோநைவ் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபிக்கிறோம். இதையெல்லாம் போனில் சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன், உனக்கும் ஆஸ்பத்திரியில் வேலை நேரமாயிருக்கும், அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, ஆனால் பனி தள்ளப் போகவேண்டாம் என்று நீ சொன்னதைக் கேட்கிற ஆளா அவர்.

ஜஸ்ரினைத் தெரியும்தானே, கோயிலில் எங்களுக்குப் பக்கத்து வாங்கில் இருக்கும் றெஜினா அன்ரியின் மகன். அவன் எழுதும் மாயக் கதைக்கு, உலகத்தில் இல்லாத ஒரு நாட்டின் வரைபடம் கேட்டிருந்தான். கலியாணக் கார்ட்டுகளுக்கும் தமிழ்ப் பள்ளிப் புத்தகங்களுக்கும் படம் கீறிய எனக்கு அப்படியொரு வேலை முதல்முறை. நீ வாங்கித் தந்த ஐபாட் திரையில் ஆசையாகத் தொடங்கினேன். படிக்கிற காலத்தில் நீ ஐபாட்டில் கீறிப் பழகியதையெல்லாம் எனக்குக் காட்டித் தந்தாயே, அந்த ஒழுங்கை நான் விடவில்லை. கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல மலைக்கு ஒரு லேயர், ஆற்றுக்கு ஒரு லேயர், ஊர்ப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் மேலே. நேற்றையதில் ஒரு கொப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்றைக்குப் பேனையைத் தொடுவேன். பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போனால் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பேன், ஒரு பக்கம் சரிந்த மலைகள் அப்போது தாங்களாகவே தெரிந்துவிடும்.

கடற்கரைக் கோட்டில்தான் நான் தடுக்கி விழுந்தேன். என் வலது கை நடுங்குவது உனக்குத் தெரியும், டொக்டரிடம் போகச் சொல்லி நீ கெஞ்சியும் நான் போகவில்லை, என்ன சொல்வாரோ என்ற பயம். கோடு நடுங்கியவுடன் இரண்டு விரலால் தட்டி அழிப்பேன், திரும்பக் கீறுவேன், திரும்ப அழிப்பேன். கோட்டை நேராக்கும் வசதியைக் கூட்டினால் கரை பிளாஸ்ரிக் குழாய்போல வழுவழுவென்று வந்தது. ஒரு கிழமை போயும் திரையில் ஒரு விரல் நீளக் கரைகூட இல்லை. இனி இந்தக் கை வேலைக்கு உதவாது, ஜஸ்ரினை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுவம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே உனக்குப் போன் எடுத்து என் காதில் வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "அம்மா, கரை எங்கை நேராய் இருக்கு? அந்த நேராக்கிறதை நிப்பாட்டுங்கோ, அழிக்கிறதையும் விடுங்கோ. கை போற போக்கிலை ஒரு சுத்து முழுக்கக் கீறிப்போட்டு, பிறகு சின்னதாக்கித் தூர வச்சுப் பாருங்கோ" என்றாய். அரை மனத்தோடுதான் கீறினேன். முடித்துத் தூர வைத்துப் பார்த்தால், கை நடுங்கிய இடமெல்லாம் குடாவும் முனையுமாக, கடல் அரித்த கரையாகவே கிடந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "உது எந்த நாடு?" என்று கேட்டார், பகிடிக்கில்லை, உண்மையாகவே.

ஜஸ்ரின் சனிக்கிழமை வந்தான். கரை முழுக்க விரலை வைத்து ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தான். பிறகு, "அன்ரி, இந்தக் கரையை எப்பிடிச் செய்தனீங்கள்? ஸோ றியல்! என்ர கப்பல் எங்கை உடையும் எண்டு இப்பதான் எனக்கே தெரியுது" என்றான். "என்ர கை நடுங்கும், தம்பி, அதுதான்" என்று சொல்லிவிட்டேன், வெட்கமாக இருக்கவில்லை. அந்தத் துணிவில்தான் டொக்டரிடமும் போனேன். நான் பயந்த பெரிய நோய்வருத்தம் இல்லையாம், நடுக்கம் கூடினால் குளிசை மருந்து இருக்கிறதாம், கீறுவதை நிறுத்தத் தேவையில்லையாம். காருக்குள் ஏறியதும் அப்பா ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதார். இவ்வளவு நாளும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு அன்று நீ போனை எடுத்தாயே பிள்ளை, அந்த நன்றி எங்கள் இரண்டு பேருக்கும் வாயால் சொல்லி முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, வழுக்கும் றோட்டில் காரை மெதுவாக ஓட்டு. ஜஸ்ரினின் இரண்டாவது புத்தகத்தில் கதை பனிநாட்டுக்குப் போகிறதாம், அதையும் நான்தான் கீற வேண்டுமாம். "இங்கை ஒண்டுமில்லை அம்மா, வெறும் ஐஸ்" என்று நீ சொல்லுகிற அந்த ஏரியைப் படம் எடுத்து அனுப்ப மறக்காதே, ஐஸ் வெடித்த இடங்களையும் நீ நடந்துபோகும் பாதையையும் சேர்த்து. நீ இருக்கும் இடத்தை ஒருமுறை என் கையால் கீறிப் பார்க்க வேண்டும்.

ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணையிருப்பாராக.

உன்னை நினைத்தபடி,
அம்மா வேரோனிக்கா