டைகர் கடைசியில்தான் ஏறுவான்

என் அன்பு அப்பா,

பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு எழுதுகிறேன். நாங்கள் கார் வாங்கிவிட்டோம். ரயில்வே கார்டின் மகள் ரயிலை விட்டுவிட்டுக் காருக்குப் போனாளா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. காரணத்தைக் கேளுங்கள். காரணமே உங்கள் நாய்தான்.

நீங்கள் இருந்தவரை டைகர் கடைசிப் பெட்டியில் உங்களோடு ராஜா மாதிரி கிள்ளானுக்குப் போய்வந்தான். இப்போது அவனை யார் ரயிலில் ஏற்றுகிறார்கள்? பூசைக்கும் உங்கள் கல்லறைக்குமாக நாங்கள் கிள்ளான் வரும் ஞாயிறுகளில், அவனைப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே கட்டிப்போட வேண்டியிருக்கிறது. நாங்கள் திரும்பும்வரை குரைக்கிறானாம். பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

உங்கள் மருமகன் ஆபீஸ் நண்பர்களிடம் விசாரித்து, செந்தூலில் ஒரு கார் புரோக்கரைப் பிடித்தார். பழைய கார்கள்தான். இரண்டை எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார். ஒன்றுக்கு முன்னால் மட்டும் இரண்டு கதவு. முன் ஆசனத்தை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். இன்னொன்றுக்கு நான்கு கதவு.

நான் பார்த்ததுமே இரண்டு கதவுக் காரைச் சொல்லிவிட்டேன். சின்னவன் தாசனை உங்களுக்குத் தெரியாதா? கைக்கு எட்டுகிற கைப்பிடியை எல்லாம் திருகிப் பார்ப்பான். ஓடும் காரில் பின்கதவைத் திருகினால்? இரண்டு நாளாக எனக்குக் கனவே அதுதான். மதராஸ் வரை போய்ப் படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று உங்கள் மருமகன் சிரித்தார். படித்ததனால்தான் விதவிதமாகப் பயப்பட முடிகிறது என்றேன்.

ஏறிப் பார்க்கலாம் என்று பிள்ளைகளையும் டைகரையும் கூட்டிப்போனோம். ரூபியும் தாசனும் முதலில் இரண்டு கதவுக் காரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். டைகர் ஏறவில்லை. கூப்பிட்டோம், பிஸ்கட் காட்டினோம். அவர் தூக்கி உள்ளே வைத்தார். கையை எடுத்ததும் குதித்து இறங்கி, காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மறுபடி தூக்கினார், மறுபடி இறங்கினான். அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண் கால்தடம்.

புரோக்கருக்கு ஒரே சிரிப்பு. "தங்கச்சி, நீங்க கார் பாக்க வந்தீங்களா, நாய்க்கு வீடு பாக்க வந்தீங்களா?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, காப்பார் தோட்டத்தில் கணக்கு எழுதும், தனக்குத் தெரிந்த ஒரு கிராணி நல்ல நாய் தேடுவதாகவும், கேட்டால் அன்றைக்கே வந்து கூட்டிப்போவார் என்றும் சொன்னார்.

உங்கள் மருமகன் என்னைத் தனியே அழைத்தார். "நல்ல மனுசனாத்தான் இருப்பாரு, ஸ்டெல்லா. அங்க ஓடியாட எடம் இருக்கு. புள்ளைங்களுக்கு ஏத்த காரை ஒரு நாய்க்காக விடுறதா?"

தாசனுக்கு ஆபத்தில்லாத கார் அதுதான் என்று பிடிவாதம் பிடித்தவளே நான்தானே? கால் வலித்தது. முன் ஆசனத்தை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தேன். அவரும் வந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார்.

அப்போதுதான் டைகர் வந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றினான். என் பக்கத்துக் கதவருகில் வந்து முன்கால் இரண்டையும் படியில் வைத்து, உள்ளே எட்டிப் பார்த்தான். ஏறத்தான் வந்தான், அப்பா. வழியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் பிளாட்பாரத்தில் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வருவீர்கள். கொடி காட்டிவிட்டுக் கடைசியில் ஏறுவீர்கள். இவனும் உங்கள் பின்னாலேயே ஏறுவான். மற்றவர்களுக்கு முன்னால் ஏறுவது இவனுக்கு எப்படித் தெரியும்?

அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "நாய்க்கு ரயில்வே ரூல் எல்லாம் தெரியுமா?" என்றார். நான்கு கதவுக் காரில் உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். நான்கு பேரும் ஏறி உட்கார்ந்தோம். பின்கதவு ஒன்றை மட்டும் திறந்து வைத்தோம். யாரும் கூப்பிடவில்லை. டைகர் முன்னாலிருந்து பின்னால்வரை நடந்தான். கதவருகில் நின்று, வந்த பாதையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். உங்களைத் தேடினானா, கொடியைத் தேடினானா? பிறகு ஏறி, தாசனைத் தள்ளிவிட்டு, கதவை ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

"தாத்தா எடத்துல டைகர் வந்துட்டான்," என்றாள் ரூபி. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். கிராணியின் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

அந்தக் காரையே எடுத்தோம். பின்கதவு இரண்டுக்கும் சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டுத் தரச் சொன்னேன். புரோக்கர் அதற்கும் சிரித்தார். ஆனால் போட்டுத் தந்தார். இருந்தாலும் பயம் முழுதாகப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். டைகரைத் தாண்டி ஒரு கை கதவுக்குப் போக முடியாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததால்தானே சின்ன வயதில் ரயிலில் நிம்மதியாகத் தூங்கினேன்?

இந்த ஞாயிறு கிள்ளானுக்குக் காரில் வருகிறோம். உங்கள் மருமகன் அவசரக்காரர், தெரியுமே. அவர் எத்தனை ஹாரன் அடித்தாலும், டைகர் சுற்றிப் பார்த்து ஏறும்வரை வண்டி கிளம்பாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அப்பா.

இன்றும் கடைசிப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கும்
உங்கள் மகள்,
ஸ்டெல்லா