சின்னக் கப்பலா பெரிய கப்பலா

பாலக்கோடு,
வெகுதானிய வருஷம் சித்திரை மாதம் 24ந் தேதி

சிரஞ்சீவி முனிராஜுக்கு அம்மா தீர்த்தம்மாள் வாழ்த்தி எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று முனியப்பனை வேண்டிக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். மனசு சுகமா என்று கேட்டால் இல்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அது ஒரு இடத்தில் நிற்கவில்லை, அடுப்பில் வைத்ததை மறந்து இரண்டு முறை களி அடிப்பிடித்துவிட்டது. உன் தங்கை செல்லிக்குக் கடத்தூரில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே உன் மூக்கு. போன வாரம் அடித்த காற்றில் மாம்பிஞ்சு பாதி கொட்டிப்போயிற்று. மற்றதெல்லாம் பிறகு விவரமாக எழுதுகிறேன், இப்போது கப்பல் விஷயம்.

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த இரண்டு அச்சுக் காகிதங்களும் போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை வந்தன. ஆட்டு நோய்ப் படிப்பில் நீ முதலாவதாக வந்ததற்காக உங்கள் சீமைக் காலேஜ் வாத்தியார் லீவில் வடக்கே உள்ள தீவுகளைச் சுற்றிவரக் கப்பலில் இடம் வாங்கித் தருகிறார், பெரிய கப்பலா சின்னக் கப்பலா என்று மே மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும், அப்பா எதைச் சொல்கிறாரோ அதில் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா பாதியிலேயே எழுந்து, "ரெண்டும் வேண்டாம்னு எழுதிப்போடு. படிக்கப் போனவன் படிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். உச்சி வெயிலில் அங்கே என்ன வேலை, ஒன்றும் இல்லை. வரப்பு மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாராம்.

அந்த இங்கிலீஷ் காகிதங்களை எடுத்துக்கொண்டு பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜானகியம்மாளிடம் போனேன். அவர் தேசப்படப் புஸ்தகத்தை விரித்துக் காட்டினார், அந்தத் தீவுகள் கேழ்வரகு சிந்தின மாதிரி இருந்தன, பெயர் ஒன்றும் என் வாயில் நுழையவில்லை. பெரிய கப்பலில் நானூறு பேர் போவார்களாம், பாட்டு, டாக்டர், கம்பியில்லாத் தந்தி எல்லாம் உண்டாம், பத்தே நாள், தீவுகளைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுமாம். சின்னதில் பன்னிரண்டு பேர்தான், தபாலும் மாவு மூட்டையும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு மூன்று வாரம் தீவு தீவாக நின்று போகுமாம். சில இடத்தில் துறையே கிடையாதாம், கயிற்றேணியில் இறங்கிப் படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டுமாம். நாற்பது ஜனமும் ஆயிரம் ஆடுமாக ஒரு தீவு இருக்கிறதாம், அந்தப் பக்கம் போகிற ஒன்பது நாள் தந்தியும் கிடையாது தபாலும் கிடையாதாம். உன் லீவு மாதத்தில் அங்கே சூரியன் சரியாக அடைவதே இல்லையாமே, பிறகு எதை வைத்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவார்கள், எழுது. டீச்சர் உன் கடிதத்தையும் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, உங்க பையன் எதுக்கு ஆசைப்படறான்னு கடுதாசியே சொல்லுதுங்களே. பெரிய கப்பலைப் பத்தி ரெண்டே வரி. சின்னக் கப்பலைப் பத்தி ஒன்றரைப் பக்கம்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ எங்களைக் கேட்டது யோசனை இல்லை, சம்மதம்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். நன்றாக இருந்த வண்டி அச்சைக் கழற்றி மறுபடியும் மாட்டினார். மூன்று தரம் தபாலாபீசுக்குப் போய் ஏர்மெயில் எப்போது கட்டுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் காகிதம்கூட வாங்காமல் வந்தார். என் கதியும் அதேதான், முறத்தை எடுத்தால் எதற்கு எடுத்தேன் என்று தெரியாது. எனக்குக் கடல் தெரியாது கப்பல் தெரியாது, நாற்பத்தாறு வயதில் இடுப்பளவு தண்ணீரில்கூட நின்றதில்லை, தெரியாத ஒன்றை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சரி என்றுதான் எப்படிச் சொல்வது. இப்படியே நாலு நாள் போயிற்று. அஞ்சாம் நாள் காலையில் "ஏனுங்க, நான் ஒகேனக்கல் போறனுங்க. பரிசல்ல ஒருக்கா உக்காந்து பாக்கறேன். சின்னதுல தண்ணி மேல போறதுன்னா என்னன்னு தெரிஞ்சிக்கிட்டுப் பையனுக்கு எழுதறேன்" என்றேன். உன் அப்பா முகம் வெளுத்துப்போயிற்று. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தனியாப் போவாத" என்று மட்டும் சொன்னார்.

சின்ன ரயிலில் தர்மபுரி, அங்கிருந்து மோட்டாரில் பென்னாகரம், மறுநாள் விடிந்ததும் மாட்டு வண்டியில் மலை இறங்கினோம். ஆற்றுச் சத்தம் கேட்ட இடத்தில் உன் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார், நடந்தே வருகிறேன் என்றார். கரையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். முனிராஜு, உன் சித்தப்பா சென்னப்பன் காய்ச்சலில் போனார் என்றுதான் உனக்கும் செல்லிக்கும் சொல்லி வளர்த்தோம். அது பொய். உனக்கு இரண்டு வயதாயிருக்கும்போது, அந்த ஆடி மாதத்தில், அண்ணனும் தம்பியுமாக அக்கரைச் சந்தையில் எருது பிடிக்க இங்கே வந்தார்கள். சித்தப்பா பரிசலோடு போனார், மூன்றாம் நாள்தான் கிடைத்தார். இது எனக்குத் தெரியும். ஆனால் இப்போது பாறை மேல் உட்கார்ந்து உன் அப்பா சொன்னது இத்தனை வருஷமாக எனக்கும் தெரியாதது. "பெரிய பரிசல் திரும்பி வரட்டும் அண்ணா, அதுல போலாம்னான். நாந்தான் சந்தை கலைஞ்சிரும், இதுலயே ஏறுன்னேன். மூணு பேருக்குத்தான் எடம் இருந்துச்சு. அவன ஏத்தி வுட்டுட்டு நான் அடுத்ததுக்கு நின்னேன். இந்தக் கல்லு மேலதான் நின்னேன், தீர்த்தா" என்றார்.

நீ பம்பாய்க்குக் கப்பலேறப் போனபோது மொரப்பூர் ஸ்டேஷனோடு அப்பா திரும்பிவிட்டார் என்று வருத்தப்பட்டாயே, அதற்கும் இதுதான் காரணம். செல்லிக்கு மூன்று வரன் வந்து நின்றபோது "நீயே பாத்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார், பொறுப்பில்லாத மனுஷன் என்று அன்றைக்கு நான் எவ்வளவு பேசினேன். இதைச் செய், அதில் ஏறு என்று யாருக்கும் சொல்ல முடியாமல் இருபத்திரண்டு வருஷம் அவர் வாழ்ந்திருக்கிறார், பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. இப்போது நீயும் அதையே கேட்டு எழுதிவிட்டாய், பெரியதா சின்னதா என்று. உன்மேல் தப்பு இல்லை, உனக்கு எப்படித் தெரியும்.

திரும்பிவிடலாம் என்றேன். அவர்தான் தலையை ஆட்டி, வந்த வேலையை முடித்துக்கொண்டு வா என்றார். பரிசல்காரர் பெயர் மாரப்பன், ஐம்பது வயது இருக்கும், மூங்கில் கூடைமேல் மாட்டுத்தோல் போர்த்தினாற்போல் இருந்தது அவர் பரிசல், ஈரத்தோல் நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினேன். "நடுவுல உக்காரு ஆத்தா, எழுந்திருச்சிராத" என்று சொல்லித் தள்ளினார். கோடை என்பதால் தண்ணீர் குறைவுதான், ஆனால் இரண்டு பக்கமும் பாறை நெருங்குகிற இடத்தில் பரிசல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது, மலையும் ஆகாயமும் என்னைச் சுற்றி ஓடின. கத்தினேன். மாரப்பன் துடுப்பை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தபடியே இருந்தார், பயந்துவிட்டாளா, சாய்கிறாளா என்று. கையை நீட்டினால் தண்ணீர், ஒரு முழத்தில் பாறை, பாறை இடுக்கில் ஒரு பறவை குஞ்சுக்கு மீன் ஊட்டுகிறது, அதன் கண் தெரிகிறது. பயத்தோடு பயமாக எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, கல்யாணமான புதிதில்கூட அப்படி வந்ததில்லை, எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். கரைமேல் உன் அப்பா பரிசல் போகிற பக்கமெல்லாம் பாறை பாறையாகத் தாவி ஓடி வந்துகொண்டிருந்தார், துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது.

கரைக்கு வந்ததும் "போதும், எறங்கு" என்று கோபமாகச் சொல்லிப் பரிசல் விளிம்பைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. நான் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா விளிம்பைப் பிடித்தபடியே மாரப்பனிடம் அந்த ஆடி மாசத்துக் கதையைச் சொன்னார், தம்பி என்று சொல்லாமல் தெரிந்த ஒருத்தர் என்று சொன்னார். மாரப்பன் கேட்டுவிட்டு, "அந்தத் தண்ணிக்குப் பெரிய பரிசலும் ஒண்ணுதான் சின்னதும் ஒண்ணுதானுங்கண்ணா. அன்னிக்குப் பரிசல் வுட்டவன் வுட்டிருக்கக் கூடாது. ஏறச் சொன்னவங்க மேல என்ன குத்தம் இருக்குதுங்க, அவங்களுக்குத் தண்ணி தெரியாது" என்றார். உன் அப்பா காலை எடுத்துப் பரிசலுக்குள் வைத்தார். பரிசல் ஆடியது, என் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டார். அக்கரை போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அங்கே மணலில் இறங்கி நாலடி நடந்து உட்கார்ந்து, "சென்னப்பா, வந்துட்டேன்டா" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குக் கொழுந்தனாக இருந்த பிள்ளையின் பெயரை இருபத்திரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தோம். திரும்பும்போது கண்ணைத் திறந்துகொண்டிருந்தார், எந்த இடத்தில் சுழல் என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று மாரப்பனைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊருக்கு வந்து நாலு நாள் ஆகிறது. என்ன எழுதட்டும் என்று கேட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்கிறார், மறுபடியும் வரப்பு நடை. இனியும் காத்திருந்தால் கடிதம் உனக்கு நாள் தப்பி வந்து சேரும், அதனால் நானே எழுதுகிறேன். சின்னக் கப்பலிலேயே போ, கண்ணு. பெரியதில் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு நீ அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை, டீச்சரிடம் உள்ள படமே போதும். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, முன்பைவிட இப்போதுதான் அதிகம், தண்ணீர் எப்படி இழுக்கும் என்று இப்போது தெரியுமே. கப்பலை ஓட்டுகிறவரை முதல் நாளே போய்ப் பார், இன்றைக்குப் போகக்கூடாது என்று சொல்கிற துணிச்சல் உள்ளவரா என்று பார். கயிற்றேணியில் இறங்கும்போது கையில் புஸ்தகம் வைத்துக்கொள்ளாதே. கம்பளி இரண்டு எடுத்துக்கொள், அவர்கள் மீன் கொடுத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடு. வாந்திக்கு நார்த்தங்காய் அனுப்பலாம் என்றால் பார்சல் நீ திரும்பி வந்த பிறகுதான் வரும் என்கிறார் போஸ்ட்மாஸ்டர், அங்கே இஞ்சி கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்.

தகவல் வராத அந்த ஒன்பது நாள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று மட்டும் மறக்காமல் முன்னாடியே எழுதிவிடு, நான் செல்லி வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். நீ நீண்ட ஆயுளோடும் திடத்தோடும் இருக்க வேண்டும், போகிற கரையெல்லாம் உனக்கு நல்ல கரையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ந. தீர்த்தம்மாள்

கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அப்பா வந்து பேனாவைக் கேட்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

முனிராஜுக்கு நஞ்சப்பன் எழுதுவது. சின்னதுலயே ஏறு. நான் சொல்றேன். அந்தத் தீவில் ஆட்டுக்குக் குளம்பு அழுகினால் என்ன போடுகிறார்கள் என்று கேட்டு வா.