முளைக்காத அரிக்கிராவி

செப்டம்பர் 21, 2024. சனி
விதை கொடுத்து முடிந்தது. இந்த வருஷம் புதிதாக வயலில் இறங்குகிறவர்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் என் அரிக்கிராவி நெல்தான், இந்த மாதம் முதல் வாரம் அறுத்தது. கடையில் கிடைக்காது, ஏழு வருஷமாக அறுப்புக்கு அறுப்பு எடுத்து வைத்துக் காப்பாற்றி வருகிறேன். பணம் வாங்குவதில்லை. விளைந்தால் இரண்டு பங்கு விதையாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டாறு ஷஹீர் பதினெட்டு கிலோ வாங்கினான். சார்ஜாவில் பதினொரு வருஷம் மொபைல் கடையில் நின்றவன். இங்கே தோவாளையில் அறுபது சென்ட் வயலைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனான்.

செப்டம்பர் 29
ஷஹீர் காலையில் போன் செய்தான். "அக்கா, பாதி நெல்ல ஊற வச்சு சாக்குல கெட்டி வச்சு நாலு நாளாச்சு. மொளைக்கல்ல. அங்கங்க ஒண்ணு ரெண்டு வெள்ளையா தெரியுது."

சூடு பற்றியிருக்காது, வைக்கோல் போட்டு மூடு என்றேன். கொடுப்பதற்கு முன் நூறு நெல்லை நனைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை? ஏழு வருஷம் முளைத்தது, இப்போதும் முளைக்கும் என்கிற மெத்தனம்.

மற்ற நாலு பேரிடமும் நனைக்க வேண்டாம் என்றேன். நேசபாய் மட்டும் "என்னத்துக்கு?" என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 2
நூறு நெல்லை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்திருந்தேன். இன்று விரித்தேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

செத்துப்போச்சா? வீட்டுல இருக்குற மூட்டையும் இதே அறுப்புதானே. பழைய விதை ஒரு பிடி வைக்கல. இனி எங்க போய்த் தேடுவேன்? அஞ்சு பேரு நாற்றங்கால் உழுது போட்டிருக்காவ — எம் பேச்ச நம்பி.

இவர் பஸ் டூட்டி முடிந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஏட்டி, நீ வேணும்னே செய்தியா? போய்ச் சொல்லு. ஒளிச்சு மட்டும் வைக்காத."

அக்டோபர் 3
கோட்டாறு போனேன். தப்பு என்னுடையது, கடை விதை வாங்கி விதைத்துக்கொள் என்று ஷஹீரிடம் சொன்னேன். அவன் மனைவி ஷிபானா சாயா கொண்டு வைத்தாள். அவளுடைய அண்ணன் உள்ளே இருந்தபடியே, "கல்ஃப்லருந்து வந்தவனுக்கு வெவசாயம் என்னத்துக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஷஹீர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான். "எப்பவும் அறுத்து எத்தன நாளு கழிச்சு வெதைப்பிய அக்கா?"

விரல் விட்டு எண்ணினேன். நான் வருஷத்துக்கு ஒரு போகம்தான் இதைப் போடுவேன். செப்டம்பரில் அறுத்தால் மே மாதம் விதைப்பு. எட்டு மாதம் மூட்டையில் கிடக்கும். இந்த முறைதான், புது ஆட்களுக்காக மூன்று வாரத்துக்குள் அவசரப்பட்டிருக்கிறேன்.

அங்கிருந்தே வேளாண்மை அலுவலகத்து அம்மாவைக் கூப்பிட்டேன். சில நாட்டு நெல்லுக்கு அறுத்த உடனே முளைக்காத உறக்கம் உண்டாம். "செத்திருக்கணும்னு இல்ல. வெயில்ல காய வச்சு, ரெண்டு மூணு வாரம் பொறுத்துப் பாருங்க." உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

"மிச்சப் பாதிய நான் நனைக்கவே இல்லக்கா," என்றான் ஷஹீர். "இருந்து பாப்போம்."

அக்டோபர் 9
மழை. பக்கத்து வயல்களில் நாற்று பச்சையாக நிற்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

அக்டோபர் 16
மூன்று நாள் நல்ல வெயில். மாடியில் நெல் காய்ந்தது. நூறு எண்ணி நனைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20
தொண்ணூற்று மூன்று.

அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னமோ ஆகிவிட்டது என்று இவர் ஓடி வந்தார். சாக்கைக் காட்டினேன்; அவரும் குனிந்து எண்ணத் தொடங்கினார்.

ஷஹீருக்குப் போன் செய்து சொன்னேன். பிறகு ஷிபானாவின் குரல். "அவ்வோ நெல்ல எடுக்க மாடிக்கு ஓடிட்டாவ அக்கா."

நேசபாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத அன்னைக்கே சொன்னா என்ன?" என்றாள். சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 17
ஐந்து பேரும் நட்டாயிற்று. மூன்று வாரம் பிந்திவிட்டது. பிந்தட்டும்.

மார்ச் 9, 2025. ஞாயிறு
ஷஹீர் திருப்பித் தர வேண்டிய விதையும், கூடக் கொஞ்சம் புது அரிசியும் கொண்டுவந்தான். கூடவே ஆரல்வாய்மொழியிலிருந்து ஜெஸ்மி என்று ஒரு பெண்; முப்பது சென்டில் நெல் போட வேண்டுமாம், அவனிடம் கேட்டிருக்கிறாள்.

நான் வாயைத் திறக்கும் முன் அவனே ஆரம்பித்துவிட்டான். "இப்பம் கொண்டு போய் நனச்சிராதீங்க. இது உறங்குத நெல்லு. மே மாசம் நூறு எண்ணி நனச்சுப் பாத்துட்டு மத்தத நனைங்க." அவள் போனில் குறித்துக்கொண்டாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவன் வயல் அரிசியிலேயே கஞ்சி வைத்தேன். புது அரிசி, கொஞ்சம் குழைந்துவிட்டது. ஜெஸ்மி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள்.