காற்றாடிக்குள் போன அட்சதை

ஜாசின்,
14.10.97

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா வடிவேலு எழுதிக்கொள்வது. புகை மூட்டத்தில் கண் எரிச்சலும் கொஞ்சம் இருமலும் தவிர இங்கு எனக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை, பினாங்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அங்கேயும் புகை இருப்பதாக டிவியில் சொன்னார்கள், வெளியே போகும்போது மூக்கை மூடிக்கொண்டு போ, ஐஸ் தண்ணீர் குடிக்காதே. கடிதம் நீளமாக இருப்பதைப் பார்த்து நீ பயந்துவிடக் கூடாது என்பதால் நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை தங்கையா மாமா பினாங்குக்குக் காய்கறி ஏற்றிப் போகும்போது அதுவும் அவர் லாரியில் ஏறுகிறது, வெள்ளிக்கிழமை காலையில் உன் ஹாஸ்டல் வாசலில் இறங்கும். நன்றாக இருக்கிறது என்று எழுதும்போதே எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது, ஏனென்றால் சனிக்கிழமை காலையிலிருந்து நேற்றுச் சாயங்காலம் வரை அது நன்றாக இல்லை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மா சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை, அவள் சொன்னால் கையையும் காலையும் வைத்துச் சொல்லுவாள்.

நீ கேட்டது லேப்டாப், நான் வாங்கியது பெட்டிக் கம்ப்யூட்டர். போனில் அதைச் சொன்னபோது நீ சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சரிப்பா உங்க இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பக்கத்தில் நின்ற உன் அம்மா, புள்ள மூஞ்சி வாடுறது போன்லயே தெரியுதுங்க என்றாள். விலை ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன், நம் வெள்ளிக் காசின் மதிப்பு விழுந்ததிலிருந்து லேப்டாப் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டு போகிறது. ஆனால் கடனை உடனை வாங்கியாவது வாங்கித் தந்திருப்பேன். என் மனதைத் திருப்பியது வேறு. மலாக்கா தெங்கேராவில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார் பாயின் மகன் ரிதுவான் அந்தக் கடை மாடியிலேயே கம்ப்யூட்டர் கடை போட்டிருக்கிறார் என்று சொன்னேன் இல்லையா, அவர் இரண்டையும் என் முன்னால் வைத்தார். லேப்டாப் அழகுதான், அலமாரியில் வைக்கிற சாமான் மாதிரி இருந்தது. நான் இருபத்திரண்டு வருடமாகச் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவன், எந்த மெஷினையும் மூடியைத் திறந்து பார்க்காமல் நம்பமாட்டேன், அதனால் இதைத் திறந்து காட்டுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். மாமா, இத நான் தொறக்க முடியாதுலா, கெட்டுப்போனா சிங்கப்பூருக்கு அனுப்பணும், திரும்பி வர ரெண்டு மாசமாவது ஆகும் என்றார். பெட்டியை மட்டும் நாலு ஸ்க்ரூ கழற்றி ஒரு நிமிடத்தில் திறந்து காட்டினார். உன் கடைசி வருட ப்ராஜெக்டை ஜனவரியில் கொடுக்க வேண்டும் என்றாய், படிக்கிற இடத்து லேப்பில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு வரிசை பிடித்து நிற்பதாகவும் சொன்னாய். நடுவில் இரண்டு மாதம் மெஷின் சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தால் நீ என்ன செய்வாய். அதனால்தான் பெட்டி. இதைப் போனிலேயே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும், தோட்ட ஆபீஸ் கிராணி வீட்டுப் போனில் நின்றுகொண்டு எனக்குப் பேச வருவதில்லை.

போன வியாழக்கிழமை மெஷின் வீட்டுக்கு வந்தது, மறுநாள் சரஸ்வதி பூஜை. பூஜை போடாமல் ஒரு புது மெஷினை வீட்டை விட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. காலையில் பட்டறையில் டிராக்டருக்குப் பூஜை முடித்தோம், சாயங்காலம் வீட்டில் இதற்கு. டிராக்டருக்கு என்னென்ன செய்தேனோ அத்தனையும் இதற்கும் செய்தேன், அங்கேதான் கோளாறு. பெட்டிக்கு மூன்று பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்தேன், கண்ணாடித் திரைக்குப் பட்டையாக விபூதி போட்டேன், கீபோர்டின் நான்கு மூலைக்கும் நான்கு பொட்டு, மேலே கதம்பம். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எங்கே நசுக்குவது என்று தெரியாமல் வாசலில் என் செருப்புக் காலாலேயே நசுக்கினேன். அம்மா அப்போதே சொன்னாள், பின்னால ஓட்ட ஓட்டயா இருக்குங்க பாத்துப் போடுங்க என்று. டிராக்டர் ரேடியேட்டரிலும்தான் ஓட்டை இருக்கிறது, வருடா வருடம் நான் பூ போடவில்லையா என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். அதற்குள் நம் லயத்து வீடுகளில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள், மலருக்கு கம்ப்யூட்டராம் என்று. தீபாராதனை காட்டி முடித்ததும் ஆளுக்குக் கொஞ்சம் அட்சதை கொடுத்தாள் அம்மா. நீ நன்றாகப் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் போட்டார்கள். எதிர்வீட்டுக் குஞ்சம்மா அக்காவை உனக்குத் தெரியும், உரம் போடுகிற கேங்கில் பதினைந்து வருடமாக இருக்கிறது. அந்தக் கை அட்சதையையும் உரம் மாதிரியே வீசிவிட்டது. முன்னால் போட்டால் போதாது என்று பெட்டியைச் சுற்றி வந்து பின்பக்கமும் ஒரு பிடி போட்டது, புள்ளைக்கு எந்தப் பக்கமும் கொற வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே.

மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்துக் காலையில் சுவிட்சைப் போட்டேன். திரையில் எழுத்து வந்தது, மறுபடியும் பார்க்க வந்திருந்த எல்லாரும் கைதட்டினார்கள். கூடவே உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், பல்லை நறநறவென்று கடிப்பது போல. பிறகு சத்தம் நின்றது, கொஞ்ச நேரத்தில் எழுத்தும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கையை வைத்துப் பார்த்தேன், பெட்டி சுட்டது. எஞ்சின் சூடானால் யோசிக்காமல் சுவிட்சை அடைத்துவிடுவது என் பழக்கம், அதையே செய்தேன். அதற்குப் பிறகு மறுபடி போடக் கை வரவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மலர், உண்மையைச் சொல்கிறேன், அப்பா பயந்துவிட்டேன். பிள்ளை கேட்டதை வாங்கித் தராமல் என் புத்தியில் பட்டதை வாங்கி, அதையும் அனுப்புவதற்கு முன்னாலேயே கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. சாமி அடையாளத்தோடு இருக்கிற மெஷினைக் கடையில் திரும்ப எடுப்பார்களா என்ற கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்றைக்குத்தான் நீ கிராணி வீட்டுக்குப் போன் செய்து லாரி ஏறிவிட்டதா என்று கேட்டாய், பூஜை முடிந்தது, இரண்டொரு நாளில் வந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பூஜை முடிந்தது மட்டும்தான் உண்மை, சிரிப்பு பொய். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அவள் திட்டாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

நேற்று அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலாக்கா பஸ்ஸில் போனேன். கண்டக்டர் குழந்தையா என்று கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தான். ரிதுவான் போர்வையைப் பிரித்தார், சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்த நல்ல குணத்தை நான் மறக்கமாட்டேன். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்தார், உள்ளே குட்டியாக ஒரு காற்றாடி இருக்கிறது, அது சுற்றினால்தான் மெஷினுக்குச் சூடு ஏறாதாம், அதன் இறக்கைக்கு நடுவில் மஞ்சள் அரிசி இறுக்கமாக மாட்டியிருந்தது. அடியில் இன்னும் சில அரிசி, ஒரு சாமந்தி இதழ். எனக்குப் பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சின்ன இடுக்கியால் எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து, சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது, எழுத்து வந்தது, நிற்காமல் வந்தது. ஒண்ணும் ஆகல மாமா, சூடானதும் நீங்க டக்குனு அடைச்சிட்டீங்க பாருங்க, அதுதான் காப்பாத்திச்சு, லேப்டாப்புல இப்படி ஆயிருந்தா நான் கையே வைக்கமாட்டேன்லா என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். புறப்படும்போது ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் வைத்து, ஒங்க சாமி அரிசி மாமா, தங்கச்சிக்காகப் போட்டது, குப்பைல போட மனசு வரல என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது, அப்போதுதான் நீ சொன்ன இன்னொரு காரணம் நினைவுக்கு வந்தது. லேப்டாப் என்றால் தீபாவளிக்கு வீட்டுக்கு எடுத்து வந்து வேலை செய்வேன் என்று நீ முதலிலேயே சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை. இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ பஸ் ஏற முடியாது, மெஷினை விட்டு வர முடியாமல் தீபாவளிக்கு அங்கேயே இருந்துவிடுவாயோ என்று நினைத்ததும் திரும்பவும் நெஞ்சு கனத்தது. அந்த விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி, அப்பா ஒத்துக்கொள்கிறேன். ஜாசினில் இறங்கிய உடனே பஸ் ஸ்டேஷன் போனிலிருந்து ரிதுவானைக் கூப்பிட்டுக் கேட்டேன். வேலையை டிஸ்கட்டில் போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, கடையில ஒரு மெஷின் தங்கச்சிக்கு ஒதுக்கித் தர்றேன், எங்க அம்மாவும் கடையிலதான் இருப்பாங்க என்றார். அதனால் சாக்குச் சொல்லாமல் வா. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னதும்தான் அவள் இரண்டு நாள் திட்டையும் சேர்த்துத் திட்டினாள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். குஞ்சம்மா அக்கா விஷயம் தெரிந்து வந்து, இனிமே ஒத்த அரிசிதான் போடுவேன் தம்பி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதன் மேல் உனக்குக் கோபம் வேண்டாம்.

பெட்டி வந்ததும் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, அது மூச்சு விட வேண்டும். சந்தனப் பொட்டை நான் துடைக்கவில்லை, தோழிகள் சிரித்தால் துடைத்துக்கொள், அப்பா ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன். தங்கையா மாமாவுக்கு ஒரு காப்பியாவது வாங்கிக் கொடு. தீபாவளி முப்பதாம் தேதி, பஸ் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, மறக்காதே. இந்தக் கடிதத்துக்குள் ரிதுவான் மடித்துக் கொடுத்த அதே பொட்டலம் இருக்கிறது. அது உனக்காகப் போட்ட அட்சதை, தப்பான இடத்தில் விழுந்துவிட்டது. கிழக்கே பார்த்து நின்று உன் தலையில் போட்டுக்கொள், மெஷின் பக்கத்தில் நின்று மட்டும் போடாதே. நானும் அம்மாவும் முன்னால் நின்று போட்டதாக நினைத்துக்கொள். நீ நன்றாக இரு.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா, மு. வடிவேலு

(அம்மா பாக்கியலட்சுமி எழுதச் சொன்னது: அடுத்த வருடம் பூஜைக்கு உன் அப்பாவை உன் கம்ப்யூட்டர் பக்கம் விடவேண்டாமாம்.)